சில்லறை இல்லாதவன்

ராணுவக் கல்லறைத் தோட்டத்தில், தன் மகன் டெஸ்மண்டின் கல்மேல் யாரோ ஒருவன் இருபத்தைந்து சென்ட் காசு வைப்பதைக் கண்டு வெர்னா ஓடிவந்தாள். ராணுவ வழக்கப்படி, உயிர் பிரியும்போது உடனிருந்தவர்கள்தான் அந்தக் காசை வைப்பார்கள்.

"தம்பி, எம்புள்ள கடைசியா என்ன சொன்னான்?"

அவன் பதறிப்போனான். "மன்னிச்சிடுங்கம்மா, நான் அப்ப அங்க இல்ல. கூட வேலை பார்த்த சமையல்காரன். கூட வேலை பார்த்தவங்க பத்து சென்ட்தான் வைக்கணும். சில்லறை இல்ல."

வெர்னா கல்மேல் இருந்த காசைப் பார்த்தாள். பிறகு கைப்பையைத் துழாவி ஒரு பத்து சென்ட் காசை நீட்டினாள்.

"இத வை. சமையல்காரனா? அவன சாப்பிட வைக்கறதுக்குள்ள உன் உசிரு போயிருக்குமே?"

"நீங்க வேறம்மா! தினமும் நாலு முட்டை கேட்டுத் தொல்லை பண்ணுவான்."

"நாலா? திருட்டுப்பய! வீட்ல ஒண்ணு தின்ன வைக்க நான் பட்ட பாடு!" வெர்னா புல்லில் உட்கார்ந்தாள். "நீயும் உக்காரு. இன்னும் சொல்லு."