குழாய்க்குள் ஒரு முகம்

கல்யாண வீடுகளில் அவளுக்கு நல்ல பேர். சிரிக்கவே தெரியாத மாப்பிள்ளையைக்கூடச் சிரிக்க வைத்துவிடுவாள். பெண்ணின் அப்பா கண்ணைத் துடைத்துக்கொள்ள எந்தத் தூணுக்குப் பின்னால் ஒதுங்குவார் என்பதை மண்டபத்தை ஒரு சுற்றுச் சுற்றியதுமே ஊகித்துவிடுவாள். குடும்பத்தில் எல்லோரும் அவளைப் போட்டோக்காரி என்றே கூப்பிட்டார்கள். மருந்துக்கடையில் வேலை பார்த்த அவள் கணவனும் அப்படித்தான் கூப்பிட்டான்.

பேருக்குக் குறைவில்லை, பிழைப்புதான் ஏறுக்கு மாறாக இருந்தது. கல்யாணங்கள் வந்தால் மொத்தமாகத் திரண்டு வரும். அந்த மாதங்களில் அவள் வீட்டுக்கு வருவது துணி மாற்றிக்கொள்ள மட்டும்தான். பிறகு திடீரென்று ஈ ஓட்ட வேண்டியிருக்கும். தூசே இல்லாத லென்சைத் திரும்பத் திரும்பத் துடைப்பாள். ஃபோன் உயிரோடு இருக்கிறதா என்று சந்தேகம் வந்து, கணவனை விட்டு அடிக்கச் சொல்லிப் பார்ப்பாள். அப்படிப்பட்ட நாட்களில்தான் சொந்தக்காரர்கள் தவறாமல் வந்தார்கள். சும்மாதானே இருக்கிறாய் என்று ஆரம்பிப்பார்கள். பிள்ளையின் பிறந்தநாள், பெரியவரின் பணி ஓய்வு என்று ஏதாவது ஒன்று இருக்கும். கூலி என்ற பேச்சு வந்தால் நமக்குள்ளே என்ன என்று முதுகில் தட்டிவிட்டுப் போவார்கள்.

இதையெல்லாம் மாடியிலிருந்து கவனித்துக்கொண்டிருந்தவள் அவளுடைய நாத்தனார், கணவனின் அக்கா. போட்டோக்காரிக்கு அண்ணி. அண்ணி இன்சூரன்ஸ் ஏஜென்ட். யாரையாவது சீண்டாமல் அவளால் ஒரு வாய் டீ குடிக்க முடியாது. ஆனால் சீண்டலுக்குள் ஏதாவது விஷயம் இருக்கும் என்பதால் யாரும் எழுந்து போவதும் இல்லை.

ஒருநாள் சாப்பாட்டு மேஜையில் அண்ணி சொன்னாள்:

“உன் தொழில்ல ஒரு கோளாறு இருக்கு. நீ எவ்வளவு நல்லா எடுத்தாலும் கஸ்டமர் திரும்பி வரமாட்டான். அவன் ரெண்டாவது தடவ உன்கிட்ட வரணும்னா, மொதல்ல அவன் குடும்பம் ஒடையணும்.”

கணவனுக்குப் புரையேறியது. அண்ணி அவன் தலையில் தட்டிக்கொண்டே தொடர்ந்தாள்.

“என் கஸ்டமரப் பாரு. வருஷா வருஷம் வந்துதான் ஆகணும். செத்துப்போனாக்கூட அவங்க வீட்டுலேர்ந்து யாராச்சும் வருவாங்க.”

போட்டோக்காரிக்குச் சுருக்கென்றது. கலையைப் பற்றி இன்சூரன்சுக்கு என்ன தெரியும் என்று பாத்திரம் கழுவும்போது முணுமுணுத்தாள். ஆனால் படுத்த பிறகும் அந்தப் பேச்சு காதை விட்டுப் போகவில்லை. இத்தனை வருஷத்தில் எத்தனை வீட்டு நல்ல காரியங்களில் நின்றிருக்கிறாள். அதில் ஒரு வீடாவது அவளை மறுபடி கூப்பிட்டதா? தங்கைக்குக் கல்யாணம் என்று ஒருவன் கூப்பிட்டான். அவனும் பழைய வாடிக்கைக்குத் தள்ளுபடி உண்டா என்றுதான் கேட்டான்.

அடுத்த வாரத்திலிருந்து புது வேலை தேடினாள். கண்டுபிடித்த ஒவ்வொன்றையும் மாடிக்குக் கொண்டுபோய் அண்ணியிடம் காட்டினாள். கைக்குழந்தைகளைப் படம் எடுக்கலாமா? குழந்தை வளர்ந்துவிடும் என்றாள் அண்ணி. பாஸ்போர்ட் படம்? பத்து வருஷத்துக்கு ஒருமுறை, அதிலும் எல்லோரும் அழுமூஞ்சியாக இருப்பார்கள் என்றாள். விற்பனைக்கு வந்த வீடுகளை எடுக்கலாம் என்றபோது மட்டும் அண்ணி கொஞ்சம் யோசித்தாள். யோசித்துவிட்டு, தன்னிடம் பாலிசி எடுத்திருக்கும் ஒரு முதலாளியைப் பற்றிச் சொன்னாள். அவர் குளியலறைக் குழாய்களும் ஷவர்களும் செய்து விற்பவர். வருஷத்துக்கு மூன்று நான்கு தடவை புது மாடல் இறக்குவார். ஒவ்வொரு தடவையும் கடைகளுக்கு அனுப்ப ஒரு கேட்டலாக் அச்சடிப்பார்.

போட்டோக்காரியின் முகம் போன போக்கைப் பார்த்து அண்ணி காத்திருந்தாள்.

“அண்ணி, நான் மனுஷங்க அழுறதப் படம் எடுக்கறவ.”

“குழாயும் அழத்தான் செய்யும். வாஷர் போகட்டும், பாரு.”

குழாய் முதலாளி கனமான மனிதர், பேச்சு மட்டும் சிக்கனம். கிடங்குக்குப் பின்னால் ஓர் அறையை ஒழித்துக் கொடுத்து, பெட்டி பெட்டியாகக் குழாய்களை இறக்கச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். முதல் குழாயை மேஜையில் வைத்து கேமரா வழியாகப் பார்த்தபோதுதான் போட்டோக்காரிக்கு விஷயம் புரிந்தது. பளபளவென்று பூச்சுப் பூசிய குழாய் என்பது உண்மையில் கண்ணாடி. அதுவும் வளைந்த கண்ணாடி. அறையில் இருந்த ஜன்னல், விளக்கு, மூலையில் சாத்தியிருந்த துடைப்பம், எல்லாம் அதற்குள் இருந்தன. நட்ட நடுவில், மூக்கு மட்டும் பெரிதாகி, அவளே இருந்தாள்.

கல்யாண வீட்டில் போட்டோக்காரர் படத்தில் விழுவதில்லை. குழாய்க்கு அந்த மரியாதை தெரியவில்லை. அவள் வீட்டுக்கு ஓடி வெள்ளைப் போர்வைகளை அள்ளிக்கொண்டு வந்தாள். விடுப்பு எடுத்து வந்த கணவன் அவளுக்கு முன்னால் ஒன்றைத் திரைபோலப் பிடித்துக்கொண்டு நிற்க, அதில் லென்ஸ் நுழையும் அளவுக்கு ஓட்டை போட்டாள். நல்ல போர்வை ஒன்று பாழானதில் அவனுக்கு வருத்தம்தான், ஆனாலும் ஆடாமல் பிடித்துக்கொண்டு நின்றான். குழாய்கள் வெண்மையாக, சாதுவாக, படத்தில் உட்கார்ந்தன.

கடைசி நாள் சாயங்காலம் ஒரே ஒரு ஷவர் பாக்கி. கிண்ணத்தைக் கவிழ்த்தது போன்ற உருவம். மறுநாள் விடியற்காலையில் ஒரு கல்யாணம் இருந்தது, பயணப்பட வேண்டும். போர்வை ஷவரின் விளிம்பை மறைத்துக்கொண்டே இருந்ததால் அதை ஒரு பக்கமாக ஒதுக்கச் சொல்லி, கிட்டே போய்ப் படக்கென்று எடுத்துவிட்டாள். கேமராவின் சின்னத் திரையில் நன்றாகத்தான் தெரிந்தது. கேட்டலாக் அச்சாகி வந்தபோது முதலாளி ஒருமுறை தலையை ஆட்டினார். அவர் கணக்கில் அது பெரிய பாராட்டு என்று அண்ணி விளக்கினாள்.

சில வாரங்கள் கழித்து அண்ணி வீட்டுச் சமையலறைக் குழாய் ஒழுக ஆரம்பித்தது. ஹார்டுவேர் கடைக்குப் போனவள், கேட்டலாக்கைக் கையோடு வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள். மாடிப்படியிலேயே சிரிப்புச் சத்தம் கேட்டது. மேஜையில் கேட்டலாக்கை விரித்து, அந்த ஷவரின் மேல் விரலை வைத்தாள். கணவன் குனிந்து பார்த்தான். கவிழ்ந்த கிண்ணத்தின் நடுவில், ஒரு அரிசி அளவுக்கு, ஒரு முகம். ஒரு கண் மூடியிருந்தது. நாக்கு வெளியே துருத்திக்கொண்டிருந்தது. கவனமாக வேலை செய்யும்போது நாக்கு வெளியே வரும் பழக்கம் போட்டோக்காரிக்குச் சின்ன வயதிலிருந்தே உண்டு.

அக்காவும் தம்பியும் மூச்சுத் திணறச் சிரித்தார்கள். போட்டோக்காரி சிரிக்கவில்லை. இது எத்தனை கடைகளுக்குப் போயிருக்கும் என்று மட்டும் கேட்டாள். அண்ணி சிரிப்பை அடக்கிக்கொண்டு உட்கார்ந்தாள். யாரும் படத்தில் மூக்கை ஒட்டவைத்துப் பார்த்து ஷவர் வாங்குவதில்லை, முதலாளிக்கே தெரியாது, பேசாமல் இரு என்று புத்தி சொன்னாள். கணவனும் அதையே சொன்னான்.

போட்டோக்காரி இரண்டு நாள் பேசாமல் இருந்து பார்த்தாள். ஃபோன் அடித்தபோதெல்லாம் முதலாளியோ என்று நம்பரைப் பார்த்த பிறகே எடுத்தாள். இப்படியே பயந்துகொண்டு அவரிடம் இன்னும் பல வருஷம் வேலை செய்ய முடியாது என்று தோன்றியது. மூன்றாம் நாள் கேட்டலாக்கோடு முதலாளியின் அறைக்குப் போனாள்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டி, அந்தப் பக்கத்தை வெகுநேரம் பார்த்தார்.

“இது நீங்களா?”

“ஆமா சார். நான்தான். அவசரத்துல எடுத்துட்டேன். இதுக்குக் காசு வேணாம், திரும்ப எடுத்துக் குடுக்கறேன்.”

அவர் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். இந்த ஒரு படத்தை மாற்றிக் கொடுத்தால் போதும், அடுத்த செட்டை வேறு ஒருவரிடம் கொடுத்துப் பார்க்கிறேன் என்று நிதானமாகச் சொன்னார்.

அன்றைக்கு அண்ணி சீண்டவில்லை. டீ போட்டுக் கொண்டுவந்து வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள். சொல்லாமல் இருந்திருக்கலாம்தான், ஆனாலும் போனது சரி என்றாள். அண்ணி வாயிலிருந்து அப்படி ஒரு வாக்கியம் முழுதாக வந்ததில் கணவன் பயந்துபோனான். அக்காவுக்கு உடம்புக்கு ஏதோ என்று நினைத்தான்.

அதற்குப் பிறகு வீட்டில் பாத்திரங்கள் காணாமல் போக ஆரம்பித்தன. போட்டோக்காரி பளபளப்போடு மல்லுக்கு நின்றாள். துணி காயவைக்கும் ஸ்டாண்டை மடக்கி, வெள்ளைத் துணி போர்த்தி, ஒரு சின்னக் கூடாரம் செய்தாள். அதற்குள் கரண்டி, மூடி, டம்ளர், கணவனின் கைக்கடிகாரம் என்று ஒவ்வொன்றாகக் குடிபுகுந்தன. விளக்கை எந்தப் பக்கம் வைத்தால் கரண்டியின் முதுகில் ஒரே ஒரு வெள்ளைக் கோடு விழும், எங்கே கறுப்பு அட்டை வைத்தால் விளிம்பு எடுப்பாக நிற்கும் என்று பார்த்துப் பார்த்து நகர்த்தினாள். சாப்பிட உட்கார்ந்த கணவன் கரண்டி எங்கே என்றால், படத்தில் இருக்கிறது என்று பதில் வந்தது. அவன் கையால் பரிமாறிக்கொள்ளப் பழகினான். அண்ணி மட்டும் தன் வீட்டுக் கதவுக் கைப்பிடியைக் கழற்ற விடமாட்டேன் என்று சண்டை பிடித்தாள். பிறகு அவளே ஸ்க்ரூ டிரைவரைக் கொடுத்தாள்.

ஒருநாள் முற்பகலில் குழாய் முதலாளி கூப்பிட்டார். நேரில் வரச் சொன்னார். போட்டோக்காரி போனபோது அவர் மேஜையில் புதுப் படங்கள் பரப்பிக் கிடந்தன. வேறொருவர் எடுத்தவை. முதலாளி ஒரு படத்தைத் தள்ளிவைத்தார். புதுக் குழாயின் வளைவுக்குள் அந்தப் போட்டோக்காரர் நின்றார், விளக்குப் பிடித்தபடி அவருடைய மைத்துனர் நின்றார், பின்னால் நாற்காலியில் யாரோ ஒரு பெரியம்மா டீ குடித்துக்கொண்டிருந்தார்.

“உங்க படத்துல நீங்க மட்டும்தான் இருந்தீங்க,” என்றார் முதலாளி. “இதுல ஒரு குடும்பமே இருக்கு.”

அவர் சிரிக்கவில்லை. போட்டோக்காரி பல்லைக் கடித்துக்கொண்டு தானும் சிரிக்காமல் இருந்தாள். தான் கொண்டுவந்திருந்த கரண்டிப் படங்களையும் கைப்பிடிப் படத்தையும் எடுத்து வைத்தாள். அவர் ஒவ்வொன்றையும் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய், உள்ளே யாராவது இருக்கிறார்களா என்று தேடினார். யாரும் இல்லை.

புறப்படும்போது அண்ணி படியில் வழிமறித்துச் சொல்லியிருந்தாள்: கேட்க வேண்டியதைக் கேள், கேட்ட பிறகு வாயை மூடு, நீயே குறைத்துச் சொல்லாதே. போட்டோக்காரிக்கு முதல் பாதி சுலபமாக இருந்தது. தன் கூலி எவ்வளவு என்று சொல்லி, இந்த வருஷத்துப் புது மாடல்கள் எல்லாம் தனக்கே வர வேண்டும் என்றாள். அச்சுக்குப் போவதற்கு முன் இருவரும் சேர்ந்து உட்கார்ந்து ஒவ்வொரு படத்தையும் பார்க்க வேண்டும், பாதிப் பணம் முன்னால் வர வேண்டும், ஏற்கெனவே ஒப்புக்கொண்ட கல்யாண நாட்களில் கூப்பிடக் கூடாது என்றாள். பிறகு வாயை மூடினாள். முதலாளி பேசவில்லை. கொஞ்சம் குறைத்துக்கொள்கிறேன் என்ற வார்த்தை தொண்டை வரை வந்து நின்றது. அவள் சுவரில் மாட்டியிருந்த வாஷ் பேசின்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். அவற்றில் ஒன்று கோணலாக மாட்டப்பட்டிருந்தது. அதைச் சொல்லிவிடலாமா என்றுகூட இருந்தது.

“கல்யாணமா, குழாயான்னு முடிவு பண்ணுங்க,” என்றார் கடைசியில்.

“ஒத்துக்கிட்ட கல்யாணத்த விடமாட்டேன் சார். உங்க வேலைய ஒத்துக்கிட்டா அதையும் விடமாட்டேன்.”

அவர் பெருமூச்சு விட்டு, கணக்குப் பிள்ளையைக் கூப்பிட்டு, ஒரு வருஷத்துக்கு ஒப்பந்தம் எழுதச் சொன்னார்.

அந்த வருஷம் அவள் குழாய்களோடு வாழ்ந்தாள். அவர் மூலமாகக் கதவுக் கைப்பிடி செய்கிறவர் வந்தார். கைப்பிடிக்காரர் விளக்குக் கடைக்காரரை அனுப்பினார். அவர்களுக்கு எல்லாம் புது மாடல் வந்துகொண்டே இருந்தது, அவர்களும் வந்துகொண்டே இருந்தார்கள். மாதாமாதம் என்ன வேலை வரும் என்று முன்கூட்டியே தெரிந்த பிறகு, கிடைத்த கல்யாணத்துக்கெல்லாம் ஓட வேண்டிய அவசியம் இல்லாமல் போயிற்று. மனசுக்குப் பிடித்த சிலவற்றை மட்டும் எடுத்தாள். ரொம்ப நாளைக்குப் பிறகு ஒரு பெண்ணின் அப்பா தூணுக்குப் பின்னால் ஒதுங்கியபோது, படம் எடுத்து முடித்துவிட்டு அவளும் கொஞ்சம் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஓசியில் கேட்டு வந்த சொந்தக்காரர்களை அண்ணி வாசலிலேயே சமாளித்தாள். அவள் இப்போது பூச்சுப் பூசிய பொருளை மட்டும்தான் எடுக்கிறாள், உங்களுக்குப் பூச்சு உண்டா என்று கேட்டு அனுப்பிவிடுவாள்.

வருஷக் கடைசியில் அண்ணியின் அலுவலகத்தில் அவளுக்கு ஏதோ ஒரு பரிசு அறிவித்தார்கள். வரவேற்பறையில் மாட்ட ஒரு படம் வேண்டும் என்றார்கள். அண்ணி தலைவாரி, பவுடர் பூசி, கீழே இறங்கி வந்து ஸ்டூலில் உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் ஆளே மாறிப்போனாள். தோள் இறுகி, கழுத்து மறைந்து, வாய் ஒரு கோடாகிவிட்டது. ஊரையே சீண்டுகிறவளுக்கு கேமராவைக் கண்டால் இவ்வளவு பயம் என்பது தம்பிக்கே தெரியாது.

போட்டோக்காரி கேமராவுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள்.

“அண்ணி, குழாய்கூட இப்படி வெறச்சுக்கிட்டு நிக்கல. கொஞ்சம் வளைஞ்சு குடுங்க.”

அண்ணிக்குக் கோபம் வந்துவிட்டது. கையை நீட்டி, தொழில் கற்றுக்கொடுத்தவளையே கேலி செய்கிறாயா, உன்னை ஏற்றிவிட்ட என் புத்தியைச் சொல்ல வேண்டும் என்று பொரிந்து தள்ள ஆரம்பித்தாள். பாதித் திட்டில் அவளுக்கே சிரிப்பு வந்தது. அப்போது எடுத்ததுதான் அந்தப் படம். எவ்வளவு ஆகிறது என்று அண்ணியே கேட்டு, பேரம் பேசாமல் கொடுத்தாள். கொடுத்த காசுக்கு இன்னொரு படமாவது எடுத்தாக வேண்டும் என்று பவுடரை மறுபடி பூசிக்கொண்டு ஸ்டூலை விட்டு எழ மறுத்தாள்.