கார் பார்த்த கடல்

அம்மா கார் ஓட்டினால் பின்னால் ஓர் ஊர்வலமே வரும். நாற்பதுக்கு மேல் முள் ஏறாது. ஹாரன் அடிப்பார்கள், விளக்கைப் போட்டுப் போட்டு அணைப்பார்கள், தாண்டிப் போகும்போது கண்ணாடியை இறக்கித் திட்டிவிட்டும் போவார்கள். அம்மா எதையும் காதில் போட்டுக்கொள்ள மாட்டாள். "அவசரம்னா மேல பறந்து போகட்டும்" என்பாள். இப்பேர்ப்பட்டவளுக்குத்தான், நீங்கள் தொடர்ந்து அதிவேகமாக வண்டி ஓட்டுகிறீர்கள், உங்கள் லைசென்ஸை ஏன் ஆறு மாதம் முடக்கக் கூடாது என்று நேரில் வந்து சொல்லுங்கள் என நோட்டீஸ் வந்தது. படித்ததும் எனக்குச் சிரிப்புதான் வந்தது. அப்புறம் கோபம் வந்தது.

ஓட்டியது என் தம்பி. அது வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

தம்பி பார்சல் கம்பெனியில் வேன் ஓட்டுகிறவன். கூட வேலை பார்ப்பவர்கள் அவனை ராக்கெட் என்று கூப்பிடுவார்கள். அதை அவன் பாராட்டு என்று நினைத்துக்கொண்டிருந்தான். பகலெல்லாம் கடிகாரம் விரட்ட வேன் ஓட்டிவிட்டு, ராத்திரி அம்மாவின் கார் சாவியை ஆணியிலிருந்து எடுத்துக்கொண்டு கடலோர ரோட்டில் ஒரு சுற்றுப் போய் வருவான். ஏன்டா என்று ஒருமுறை கேட்டேன். "மூச்சு முட்டுதுக்கா. ஒரு சுத்துப் போயிட்டு வந்தாத்தான் தூக்கம் வருது" என்றான். மூச்சு முட்டாதவர்கள் யார் இருக்கிறார்கள்? எல்லோரும் ராத்திரி கார் எடுத்துக்கொண்டு கிளம்பினால் ரோடு தாங்குமா?

அந்த ரோட்டில் கேமரா வைத்திருந்தார்கள். கேமரா, வண்டியின் நம்பரைத்தான் பிடிக்கும். நோட்டீஸ் கார் யார் பேரில் இருக்கிறதோ அவருக்கு வரும். ஓட்டியது இன்னார் என்று அவர் எழுதி அனுப்பவேண்டும். வாயைத் திறக்காவிட்டால் குற்றம் அவர் தலையில். போக்குவரத்து அலுவலகத்தில் அதற்குத் தண்டப் புள்ளி என்று பெயர், நாங்கள் பாயிண்ட் என்போம். ஒரு தடவைக்கு மூன்று, பன்னிரண்டு சேர்ந்தால் லைசென்ஸ் போய்விடும். தம்பி ஏற்கெனவே வேனில் பறந்து பறந்து ஒன்பது சேர்த்துவைத்திருந்தான். அதனால் காரில் மாட்டியதையெல்லாம் அம்மா வாயைத் திறக்காமல் வாங்கிக்கொண்டாள். மூன்று தடவை அப்படிப் போயிற்று. இது நாலாவது. எனக்கு லைசென்ஸ் கிடையாது. இருந்திருந்தால் அதிலும் கொஞ்சம் ஏறியிருக்கும்.

அம்மாவுக்கு அந்த லைசென்ஸ் அட்டை சும்மா வந்ததில்லை. அப்பா போன பிறகு, தலை நரைக்கத் தொடங்கிய வயதில், இரண்டு தடவை தோற்று மூன்றாவது தடவை வாங்கியது. படுக்கையில் கிடப்பவர்களை வீட்டுக்கே போய்க் குளிப்பாட்டிவிடுவதுதான் அவள் வேலை. காலையில் கிளம்பினால் நாலு வீடு. டிக்கியில் பெரிய பேசின், ரப்பர் விரிப்பு, முதுகுக்கு முட்டுக் கொடுக்கிற ஸ்பாஞ்சுத் திண்டு, ஒரு மூட்டைத் துண்டு. பஸ்ஸில் ஏற்றுகிற சாமான் இல்லை. வேலைக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சியிலும் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள், சொந்தமாக வண்டி ஓட்டத் தெரியாதவர்களுக்கு வேலை இல்லை என்று.

விசாரணைக்கு முந்தின நாள் சாயங்காலம் நான் அம்மா வீட்டுக்குப் போனேன். அம்மா ரப்பர் விரிப்பைக் கழுவிக்கொண்டிருந்தாள். தம்பி அவளுக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தான்.

"அம்மா, நீ ஒண்ணும் பெருசாப் பேச வேணாம். நான்தான் ஓட்டினேன், ஒரு பேஷன்ட்டுக்கு முடியலைன்னு போன் வந்துது, பதட்டத்துல போயிட்டேன்னு சொல்லு. வயசைப் பாத்து விட்டுடுவாங்க."

"விடலைன்னா?" என்றேன் நான்.

"ஆறு மாசம்தானேக்கா. அம்மாவுக்கும் ஒரு ரெஸ்ட்டு."

"ரெஸ்ட்டா? ஏஜென்சியில நாளைக்கே வேற ஆளைப் போட்டுடுவாங்க. ஆறு மாசம் கழிச்சு வாங்கம்மான்னு அந்த நாலு வீடும் குளிக்காம காத்துக்கிட்டு இருக்குமா?"

"அப்ப என் லைசென்ஸ் போகட்டும்கிறியா? கம்பெனியில வேன் சாவியை வாங்கி வெச்சுக்கிட்டுப் போடான்னுவான். இவளை வெச்சுக்கிட்டு நான் எங்க போய் நிப்பேன்?"

இவள் என்றது அவன் மனைவியை. நிறைமாதம் நெருங்கிக்கொண்டிருந்தது. அவள் கதவோரம் நின்று வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். அவன் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை, அதுதான் எரிச்சலாக இருந்தது.

அம்மா விரிப்பை உதறிக் கொடியில் போட்டாள். "சண்டை போடாதீங்க. எனக்குக் கால் வலிக்குது" என்று உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள்.

மறுநாள் லீவு போட்டுவிட்டு அம்மாவுடன் அந்த அலுவலகத்துக்குப் போனேன். எப்படியாவது உண்மையைச் சொல்ல வைத்துவிட வேண்டும் என்றுதான் போனேன். வரிசையாகப் பிணைத்த நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தவர்களில் பாதிக்கு மேல் பெண்கள். அம்மாவுக்குப் பக்கத்தில் இருந்த அம்மாள் மெதுவாகக் கேட்டார்.

"நான் வீட்டுக்காரருக்காக வந்திருக்கேன். நீங்க யாருக்காக?"

"பையனுக்காக" என்றாள் அம்மா.

அந்த அம்மாள் தலையை ஆட்டிக்கொண்டார். ஆஸ்பத்திரியில் காத்திருக்கிறவர்கள் பேசிக்கொள்வது போல இருந்தது.

உள்ளே இருந்த அதிகாரி என் வயதுப் பெண். மேசை ஓரத்தில் சாப்பாட்டு டப்பா திறக்காமல் கிடந்தது, சாப்பாட்டு நேரம் தாண்டி வெகு நேரம் ஆகியிருந்தது. முகத்தைப் பார்த்தாலே, இதே கதையை அன்றைக்குப் பலமுறை கேட்டுவிட்டார் என்று தெரிந்தது. ஓட்டியவர் பெயரை மறைத்தாலோ மாற்றிச் சொன்னாலோ மறைத்தவர், ஓட்டியவர் இரண்டு பேர் மீதும் வழக்கு வரும், ஜெயில் வரைக்கும் போகலாம் என்று மூச்சு விடாமல் ஒப்பித்தார். பிறகு, "புரியுதாம்மா?" என்றார்.

"புரியுது."

"பழைய மூணும் முடிஞ்சு போச்சு. இந்த நாலாவதை மட்டும் சொல்லுங்க. ஓட்டினது யாரு?"

"நான்தான்."

எனக்கு வெறுத்துப்போயிற்று. அதிகாரி எழுதவில்லை. கம்ப்யூட்டர் திரையை எங்கள் பக்கம் திருப்பினார். அம்மாவின் காரின் பின்பக்கம். டிக்கி மூடியில் பேசினை இடித்து இடித்து விழுந்த சொட்டைகூடத் தெளிவாகத் தெரிந்தது.

"அறுபதுக்குள்ள போகவேண்டிய இடம்மா இது. நூத்திப் பத்துல போயிருக்கீங்க. அந்த நேரத்துல அப்படி எங்க போனீங்க?"

பேஷன்ட் வீட்டுக்கு என்று சொல்ல வேண்டும். தம்பி பத்து தடவை சொல்லிக்கொடுத்தது. அம்மா வாயைத் திறந்தாள், சொல்லவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணாடியை மூக்கின் மேல் ஏற்றிக்கொண்டு இன்னும் கிட்டே போனாள்.

"இது என்னம்மா?" என்று விரலை வைத்துக் கேட்டாள்.

"எது?"

"காருக்கு அந்தாண்ட, கறுப்பா. நடுவுல விளக்கு மினுக்குதே."

"கடல்மா. படகு விளக்கு அது."

"கடலா?"

அதிகாரி அம்மாவைப் பார்த்தார். "நீங்கதானேம்மா அங்க போனீங்க?"

அம்மாவுக்குத் தான் மாட்டிக்கொண்டதே தெரியவில்லை. அவள் படத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"இந்தக் காரை வாங்கினதுலேருந்து வீட்டை விட்டா நோயாளி வீடு, நோயாளி வீட்டை விட்டா வீடு" என்றாள். "ஒருத்தரைக் குளிப்பாட்டிப் படுக்க வெச்சுட்டு அடுத்த ஆளுக்கு ஓடணும். கல்யாணமான புதுசுல ஒரு தடவை கடலுக்குப் போனோம். அப்புறம் போகணும் போகணும்னு சொல்லிட்டே இருந்தோம், அவரும் போயிட்டாரு. என் கார் கடலைப் பாத்திருக்கும்மா. நான் பாக்கல."

கோபமாகச் சொல்லவில்லை. கால் வலிக்கிறது என்று சொல்வாளே, அதே குரலில்தான் சொன்னாள்.

அதிகாரி பேனாவை எடுத்துக்கொண்டு, "அப்ப ஓட்டினது யாரும்மா?" என்றார்.

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். இதற்காகத்தானே வந்தேன். ஆனால் அந்த நேரம் வந்தபோது என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை, தரையைப் பார்த்தேன்.

"என் பையன்" என்றாள். பிறகு அவன் முழுப் பெயரையும் சொன்னாள், பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது சொன்ன மாதிரி, நிறுத்தி நிதானமாக.

அதிகாரி அதை மட்டும் எழுதினார். "முதல்ல சொன்னது என் காதுல விழலம்மா" என்றார். நாங்கள் எழுந்தபோது சாப்பாட்டு டப்பாவைத் திறந்துகொண்டிருந்தார்.

வெளியே தம்பி நின்றுகொண்டிருந்தான், பார்சல் கொடுக்கும் வழியில் வந்திருந்தான். வேனை எங்கே நிறுத்தியிருந்தான் என்று கேட்கவே வேண்டாம், வண்டி நிறுத்தக் கூடாது என்ற பலகைக்கு நேர் கீழே.

"என்னம்மா, விட்டுட்டாங்களா?"

"என்னை விட்டுட்டாங்க."

அவனுக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் முகத்தில் ஈயாடவில்லை. "பெத்த பிள்ளையைக் காட்டிக்குடுத்துட்டியேம்மா" என்றான்.

"ஆமா" என்றாள் அம்மா.

அவன் வேனில் ஏறினான். இண்டிகேட்டர் போட்டு, பின்னால் பார்த்து, மெதுவாக எடுத்துப் போனான். ராக்கெட் அப்படி ஒழுங்காக வண்டி எடுத்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

அவன் லைசென்ஸ் ஆறு மாதம் முடங்கியது. கம்பெனியில் நல்லவேளையாக வீட்டுக்கு அனுப்பவில்லை, கோடவுனில் பார்சல் பிரிக்கப் போட்டார்கள். சம்பளம் குறைந்தது, இடுப்பு வலி கூடியது. அம்மாவுடன் பேச்சை நிறுத்தினான். ஒரே வீட்டில் இருந்துகொண்டு, சோறு போடச் சொல்லு என்று சுவரிடம் சொல்லுவான். அவன் மனைவி மட்டும் ஒருநாள் என் காதோடு சொன்னாள். "அண்ணி, இப்பத்தான் நான் ராத்திரி தூங்கறேன். அவர் காரை எடுத்துட்டுப் போனா, திரும்பி வர்ற சத்தம் கேக்கிற வரைக்கும் கண்ணை மூட மாட்டேன்." அதை அவனிடம் சொல்லேன் என்றேன். சொல்லியிருக்க மாட்டாள். குழந்தையும் பிறந்தது. பேரனைக் குளிப்பாட்டுவதும் அம்மாவின் வேலையாயிற்று. பிள்ளையைக் கையில் கொடுத்து வாங்கும்போதுகூட அவன் பேசவில்லை.

"நான் செஞ்சது தப்பாடி?" என்று கேட்டாள் அம்மா.

"தப்பில்லம்மா."

"தப்பில்லைன்னா ஏன் எனக்குச் சோறு இறங்க மாட்டேங்குது?"



ஒருநாள் காலையில் நல்ல மழை, பஸ் ஓடவில்லை. அன்றைக்கு எனக்கு விடுமுறை, முந்தின ராத்திரியே அம்மா வீட்டுக்கு வந்திருந்தேன். முதல் வீட்டு ஐயா கனத்த உடம்பு, தூக்கிப் பிடிக்க ஆள் வேண்டும் என்று அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு கிளம்பினாள். தம்பி வாசலில் நின்று ரோட்டைப் பார்த்தான், கடிகாரத்தைப் பார்த்தான். பிறகு வந்து முன் சீட்டில் உட்கார்ந்தான். நான் பின்னால் துண்டு மூட்டையோடு உட்கார்ந்துகொண்டேன்.

முள் நாற்பதில் நின்றது. பின்னால் ஊர்வலம் சேர்ந்தது. மழையும் விட்டது. தம்பியின் கால், இல்லாத ஆக்ஸிலேட்டரை மிதித்துக்கொண்டே வந்தது. கடைசியில் பொறுக்க முடியாமல் வாயைத் திறந்தான்.

"கொஞ்சம் மிதியேம்மா."

இத்தனை நாளில் அவளிடம் அவன் நேராகப் பேசியது அதுதான். அம்மா மிதிக்கவில்லை. கோடவுனுக்குத் திரும்ப வேண்டிய இடம் வந்தது. நேராகப் போனாள்.

"அம்மா, கோடவுன் அந்தப் பக்கம்."

"தெரியும். அந்த கேமரா எங்க இருக்குன்னு காட்டு."

"லேட்டாயிடும்மா."

"ஆகட்டும்."

ஒரு வீட்டுக்கும் ஒருநாளும் தாமதமாகப் போகாதவள் சொன்னாள். தம்பி என்னைத் திரும்பிப் பார்த்தான். எனக்கும் ஒன்றும் தெரியாது என்று கையை விரித்தேன். பிறகு அவன்தான் வழி சொன்னான். கம்பத்தில் அந்த கேமரா, தூக்கணாங்குருவிக் கூடு அளவுக்குத்தான் இருந்தது. அதைத் தாண்டியதும் ஒரு வளைவு.

"இந்தப் பக்கம் பாரும்மா, கடல் தெரியுது."

"நான் ரோட்டைப் பாக்கணும். நீ பாரு."

"சரி, நிறுத்திட்டுப் பாரு."

"நிறுத்தக் கூடாதுன்னு போர்டு போட்டிருக்கான் பாரு. வழிநெடுகப் போட்டிருக்கான்."

தம்பி சிரித்துவிட்டான். அடக்கிப் பார்த்தான், முடியவில்லை. எனக்கும் சிரிப்பு வந்தது. அம்மா மட்டும் சிரிக்காமல் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு கடலைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தாள்.

கொஞ்ச தூரம் போய் ஒரு ஜல்லித் திடல் வந்தது. நிறுத்தலாம் என்று அங்கே பலகையே இருந்தது. தம்பி இறங்கி, வேனுக்கு இடம் காட்டுவது போலக் கையை ஆட்டி, வா, வா, இன்னும் வா, போதும் என்றான். அம்மா இஞ்சினை நிறுத்தினாள். இறங்கவில்லை, கால் வலி. கண்ணாடியை மட்டும் இறக்கினாள். மழைக்குப் பிறகு கடல் கலங்கலாகக் கிடந்தது. பெரிய அழகு என்று சொல்ல முடியாது.

வெகுநேரம் பார்த்தாள். பிறகு, கண்ணாடிப் பக்கம் நின்ற தம்பியிடம் கேட்டாள்.

"இது எங்கயும் ஓடிப் போயிடாதேடா. எதுக்கு அவ்ளோ வேகமா வந்த?"

தம்பி கடல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"நான் இங்க நிறுத்தினதே இல்லம்மா" என்றான். "ஒரு நாள்கூட."

அம்மா அவனை ஏறிட்டுப் பார்த்தாள். எட்டி முன் கதவைத் திறந்துவிட்டாள். அவன் வந்து உட்கார்ந்தான். மூன்று பேரும் கலங்கிய கடலைப் பார்த்துக்கொண்டிருந்தோம். துண்டு மூட்டையில் சோப்பு வாசனை வந்தது. எனக்கு அழுகை வந்தது, யாருக்காக என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

"போலாம்" என்று அம்மா சாவியைத் திருகினாள். "ஐயா குளிக்காம உக்காந்திருப்பார்."

கோடவுன் வாசலில் இறங்கிய தம்பி, கதவைச் சாத்தாமல் நின்றான்.

"சாயங்காலம் வந்து கூட்டிட்டுப் போறியாம்மா?"

"வரேன்" என்றாள் அம்மா. "மெதுவாத்தான் வருவேன்."