வெறும் எண்ணெய் வரிசை

நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுத்தபோது அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. நாலு மாத உழைப்பு! பதினாறு கன்றுகள். எட்டுக்குப் பாலில் வைட்டமின் சொட்டு, ஒப்பிட்டுப் பார்க்க எட்டுக்கு வெறும் எண்ணெய். கன்றின் ரத்தத்தில் கிருமியைக் கலந்து, நூறு வெள்ளையணுக்களில் எத்தனை அதை விழுங்குகின்றன என்று எண்ணவேண்டும். வைட்டமின் வரிசையில் சராசரி எழுபது. சரி, வெறும் எண்ணெய் வரிசையிலும் எழுபது என்றால் என்ன கூத்து இது?

திங்கட்கிழமை அறிக்கை தரவேண்டும். பயனில்லை என்று கையெழுத்துப் போட்டால், அதை நம்பிப் பண்ணைகள் எல்லாம் சொட்டை நிறுத்திவிடும். சொட்டே போகாத கன்றுகளுக்கு இவ்வளவு வராதே! அவள் விறுவிறுவென்று கொட்டகைக்கு நடந்தாள்.

பால் வாளிகளைக் கழுவிக்கொண்டிருந்தார் தாய்மாமா. கன்றுகளுக்குப் பால் கொடுக்கும் இந்த வேலையை அவருக்கு வாங்கிக் கொடுத்ததே அவள்தான்.

"மாமா, மறைக்காம சொல்லுங்க. ரெண்டாவது வரிசைக்கு என்ன குடுத்தீங்க?"

அவர் தலையைச் சொறிந்தார். "நீ சொன்னதுதான். அப்புறம்... கொஞ்சம் சொட்டும்."

"ஐயோ மாமா!"

"பின்ன என்னம்மா? எதிர்வரிசைக்கு ஊத்தும்போது இதுங்க கழுத்த நீட்டிப் பாக்குதுங்க. எனக்கு மனசு கேக்கல. பாட்டில்ல மிச்சம் வேற இருந்துச்சு."

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தராசு பிடிப்பதற்கு இந்த இளகின மனசையா தேடிப் பிடித்தோம் என்று தன்னையே நொந்துகொண்டாள்.

"எட்டுக்குமா?"

"ஒன்பதாம் நம்பருக்கு மட்டும் இல்ல. முதல் நாளே உதைச்சுது பாரு, முழங்காலே போச்சு. அதுக்கு ஒரு சொட்டு? மூச்!"

அவள் குறிப்பேட்டைப் புரட்டினாள். ஒன்பது: முப்பத்தொன்று. ஸ்லைடு கெட்டுவிட்டது என்று அவளே அடித்துவிட்ட எண். அப்படியானால் சொட்டு வேலை செய்கிறது! ஆனால் ஒற்றைக் கன்றை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. மாமாவின் கோபம்தான் அதைத் தேர்ந்தெடுத்தது என்று எந்த அறிக்கையில் எழுதுவது?

மூலையில் அந்தக் கன்று இருமியது. மூக்கில் சளி. கண்ணைத் திறக்கவே சோம்பியது.

"திங்கட்கிழமை உள்ளதை உள்ளபடி சொல்லிடுவேன் மாமா. உங்க வேலை போனாலும் போகும்."

"சொல்லும்மா. தப்பு என்னுதுதான்."

அவர் குரல் கம்மியது. அவள் ஒன்பதாம் நம்பரைக் கை காட்டினாள்.

"இதுக்கும் குடுங்க."

"அப்ப உன் ஆராய்ச்சி?"

"முதல்லேர்ந்து செய்யணும். அதுக்காக இது சாகணுமா?"

மாமா சொட்டுப் பாட்டிலை எடுத்துக்கொண்டு, நொண்டியபடியே ஒன்பதாம் நம்பரிடம் போனார்.