ஹாலரனைக் கொடுத்து வாங்கிய பையன்கள்

விவாகரத்தின்போது லெனர்டும் ஆர்லீனும் வீட்டுக்காகச் சண்டை போடவில்லை, காருக்காகவும் போடவில்லை. பஃபலோ நகரத்து பேஸ்பால் மைதானத்தில், மூன்றாம் பேஸுக்குப் பின்னால் வருஷச் சந்தா கட்டி வைத்திருந்த இரண்டு இருக்கைகளைத்தான் இருவரும் விட்டுக்கொடுக்க மறுத்தார்கள். கடைசியில் ஆளுக்கொன்று என்று முடிவானது. கோர்ட்டில் பிரிந்தவர்கள், ஏப்ரல் பிறந்து ஆட்டங்கள் தொடங்கியதும் மறுபடி பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். அவள் சூரியகாந்தி விதைப் பொட்டலத்தைப் பிரிப்பாள். அவன் கேட்காமலே கையை நீட்டுவான். உள்ளூர் ஹெரன்ஸ் அணி தோற்கும். இருவரும் சேர்ந்து திட்டுவார்கள். லெனர்டுக்கு அது போதுமாயிருந்தது.

அந்த வருஷம் அணியின் புது நிர்வாகம் பென் ஹாலரனை வேறு அணிக்குக் கொடுத்துவிட்டது. மட்டைக்காரருக்குப் பின்னால் குந்தியிருந்து பந்து பிடித்தே முட்டி தேய்ந்துபோன மனுஷன். அணி அடிவாங்கிய காலத்திலெல்லாம் அவன் பெயரைச் சொல்லித்தான் ஊர் மானத்தைக் காப்பாற்றிக்கொண்டது. அவனுக்குப் பதிலாக வந்தவர்கள் மீசை சரியாக முளைக்காத மூன்று பையன்கள்.

“நல்ல காரியம்தான்,” என்றான் லெனர்ட். “பெரியவங்களை வெச்சுக்கிட்டு வருஷா வருஷம் கடைசியில நிக்கிறோம். அதுக்கு இந்தப் பசங்க விழுந்து எழுந்து கத்துக்கட்டுமே. ஒரு நாலு வருஷம் பொறு ஆர்லீன், அப்புறம் பாரு.”

ஆர்லீன் விதைத் தோலைத் துப்பினாள். “பொறு, பொறு! கல்யாணம் ஆன நாள்லேருந்து உன் வாயில இதைத்தானே கேட்டேன்? எனக்கு அறுபத்தாறு ஆச்சு லென்னி. ஹாலரன் இல்லாத இடத்துல எனக்கென்ன வேலை?”

அடுத்த ஆட்டத்திலிருந்து அவள் வரவில்லை.

கோடை முழுக்க அடிமேல் அடி. லெனர்ட் ஒன்று விடாமல் போனான். வந்த பையன்களில் வில்மர் ஒசோரியா என்ற டொமினிக்கன் நாட்டுக்காரன் கைக்கு வந்த பந்தையெல்லாம் கோட்டை விட்டான். “ஓட்டைக் கையாடா உனக்கு?” என்று பின்வரிசையில் கூச்சல் போட்டார்கள். ஆனால் பந்து மட்டையில் படுவதற்கு முன்பே அந்தப் பையனின் கால் சரியான திசைக்குத் திரும்பிவிடுவதை லெனர்ட் கவனித்தான். யாரிடம் சொல்வது?

ஆகஸ்டில் ஒருநாள் பந்து தரையோடு சீறிக்கொண்டு போனது. ஒசோரியா பாய்ந்து எடுத்து, விழுந்துகொண்டே எறிந்தான். ஓடியவன் அவுட்.

“பார்த்தியா!” என்று திரும்பினான் லெனர்ட். காலி இருக்கை. அதற்கு அடுத்திருந்தவர் தர்மசங்கடமாகச் சிரித்தார்.

அன்று சாயங்காலம் ஆர்லீனுக்கு போன் போட்டான். அவன் வாயைத் திறக்குமுன், “பார்த்தேன், பார்த்தேன்,” என்றாள். “டிவியிலதான்.”

“அப்போ பார்த்துக்கிட்டுத்தான் இருக்கே?”

“பழக்கதோஷம்.” டிவி சத்தத்தைக் குறைத்தாள். “அந்தப் பையன் ஒழுங்கா சாப்பிடறானா? கன்னமெல்லாம் ஒட்டிக் கெடக்கு.”

“வந்து நீயே கேளேன்.”

அவள் போனை வைத்துவிட்டாள்.

செப்டம்பரில் அந்த வருஷத்தின் கடைசி ஆட்டம். ஏரிக் காற்று எலும்பைக் குடைந்தது. ஆட்டம் பாதியில் இருக்கும்போது ஆர்லீன் வந்தாள், கோட்டுக்கு மேலே ஹாலரன் பெயர் போட்ட அணிச் சட்டையை மாட்டிக்கொண்டு. லெனர்ட் காலை ஒதுக்கி வழிவிட்டான். சற்றைக்கெல்லாம் ஒசோரியா ஒரு சுலபமான பந்தைத் தவறவிட்டான். பின்வரிசை ஊளையிட்டது. ஆர்லீன் எழுந்துவிட்டாள்.

“முட்டியை மடக்குடா கண்ணா! முட்டியை மடக்கு!”

லெனர்ட் அவள் பக்கம் திரும்பவில்லை. திரும்பினால் முகம் காட்டிக் கொடுத்துவிடும்.

அன்றும் தோல்விதான். கார் நிறுத்துமிடத்தில் அவள் சாவியைத் தேடிக்கொண்டிருந்தாள்.

“ஒரு காபி குடிச்சுட்டுப் போலாமா?” என்றான்.

“வேணாம் லென்னி. குளிருது.” வண்டியைக் கிளப்பியவள் கண்ணாடியை இறக்கினாள். “அடுத்த வருஷமும் அந்தப் பையனை வெச்சுக்குவாங்கல்ல?”

“வெச்சுக்குவாங்க.”

“சரி.”

அவளுடைய வண்டியின் சிவப்பு விளக்குகள் சாலைக் கூட்டத்தில் கலக்கும்வரை நின்றான். இனி பனி விழும், ஏரி உறையும், உருகும்; அதற்கப்புறம்தான் ஏப்ரல். லெனர்ட் தன் காரில் ஏறி, எஞ்சினைப் போடாமலே வெகுநேரம் உட்கார்ந்திருந்தான்.