பிரிவுப் பலகை

மேலதிகாரி சிவப்புப் பேனாவால் அவளுடைய அறிக்கையிலிருந்த 'குமுறல்' என்பதை அடித்துவிட்டுப் பக்கத்தில் 'சலனம்' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டார். பதினோரு வருஷமாக எரிமலையின் அதிர்வுகளைக் குறித்துவரும் அவளுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது.

"சார், விடியறதுக்குள்ள நாப்பத்தாறு தடவை ஆடியிருக்கு. புகை கறுப்பா வருது. இதுக்குப் பேரு சலனமா?"

"குமுறல்னா சரிவுல ஸ்கூலு, ஓட்டல் எல்லாத்தையும் மூடணும்மா. போன மாசம் நீங்க எழுதி ஒண்ணுமே நடக்கல. மேலிடத்துல திட்டு வாங்கினது நான். நாளைக்குப் பாக்கலாம்."

"உங்களைக் கேட்டுட்டுதான் மலை வெடிக்குமா?"

அவர் டீயை எடுத்து ஆற்றினார். சலனமாம்! குளத்தில் கல் விழுந்தால் வருவதல்லவா அது?

மலைப்பாதை பிரியும் இடத்தில் ஒரு கரும்பலகை உண்டு. உறக்கம், சலனம், குமுறல், சீற்றம் என்ற நான்கில் ஒன்றைத் தினமும் காலையில் பியூன் அதில் எழுதிவிட்டு வருவார். எண்களை யார் பார்க்கிறார்கள்? அந்த ஒற்றைச் சொல்லைப் பார்த்துத்தான் வண்டிகள் மேலே ஏறும்.

பியூன் எழுதிவிட்டுத் திரும்பியதும் அவள் அக்காவுக்குப் போன் செய்தாள்.

"பிள்ளைங்களை இன்னைக்கு மேல அனுப்பாதக்கா."

"பலகையில சலனம்னுதானடி இருக்கு? உங்க மாமா பாத்துட்டு வந்தாரே. யாரு என்ன சொன்னாலும் கேக்காதே, பலகையை மட்டும் நம்புன்னு நீதானே என்னைத் திட்டினே? ரெண்டும் பஸ் ஏறிடுச்சு."

வதந்திக்குப் பயந்து அக்கா ஒரு வாரம் பிள்ளைகளை வீட்டிலேயே வைத்திருந்தபோது திட்டியது உண்மைதான். அதிகாரியின் மேல் வந்ததைவிடப் பெரிய கோபம் இப்போது அவளுக்குத் தன் மேலேயே வந்தது. மேஜையிலிருந்த சாக்பீஸை எடுத்துக்கொண்டு ஓடினாள்.

உள்ளங்கையாலேயே பலகையைத் துடைத்தாள். 'குமுறல்' என்று எழுதி முடிப்பதற்கும் பள்ளி பஸ் வளைவில் திரும்புவதற்கும் சரியாக இருந்தது. பின்னாலேயே அதிகாரியின் ஜீப்பும் வந்து நின்றது.

"சாக்பீஸைக் குடுங்க. வேலை போயிடும்மா."

"போகட்டும் சார். இதை அழிக்கணும்னா நீங்களே அழிங்க. பிள்ளைங்க பாக்கட்டும்."

அவர் கை பலகைவரை போய் நின்றது. பஸ் ஜன்னலில் அக்காவின் சின்ன மகள் "சித்தி!" என்று கையாட்டினாள். டிரைவர் பலகையைப் பார்த்தார், மலையை அண்ணாந்து பார்த்தார். பிறகு அவர் ரிவர்ஸ் கியரைப் போட, பஸ்ஸின் பின்விளக்கு வெள்ளையாக எரிந்தது.

ஜீப்பின் கண்ணாடியில் சாம்பல் விழத் தொடங்கியிருந்தது.