ஆறு கிலோ ஈயம்

சட்டம் என்னவோ நல்ல சட்டம்தான். மேடையில் உடை காட்டி நடக்கிற பெண்ணுக்கு அவள் உயரத்துக்கு ஏற்ற எடை இருக்க வேண்டும். இருக்கிறது என்று டாக்டர் சீட்டு எழுதித் தர வேண்டும். சீட்டு இல்லையென்றால் மேடை இல்லை. ஆனால் அந்தக் கம்பெனியில் மூன்று மாதத்துக்கு முன்பே எல்லா உடையையும் இருபத்திரண்டு அங்குல இடுப்புக்கு வெட்டி வைத்துவிடுவார்கள். டாக்டருக்குக் கனமாக இருக்க வேண்டும், துணிக்கு ஒல்லியாக இருக்க வேண்டும், இரண்டும் ஒரே உடம்பு! எந்த மகராசன் போட்ட கணக்கோ!

இந்தக் கணக்கை நேராக்கியது தையல் அறை அக்கா. பாவாடை ஓரம் பறக்காமல் தொங்குவதற்குப் பட்டாணி அளவில் ஈயக் குண்டு வைத்துத் தைப்பார்கள். எடை பார்க்கிற நாளில் அதே குண்டுகளைப் பெண்களின் உள்பாவாடைப் பட்டிக்குள் தைத்துக் கொடுப்பாள். ஐந்து வருஷமாகச் செய்கிறாள். "எல்லா இடத்துலயும் நடக்கிறதுதான்" என்று மேனேஜர் அம்மா சொன்னாள்; அக்காவும் நம்பினாள். நம்பினால்தானே ராத்திரி தூக்கம் வரும்!

போன வருஷம் தன் கூடப்பிறந்தவள் மகளையே இந்த வேலைக்குக் கூட்டி வந்தாள். அப்போது அந்தப் பெண்ணுக்கு இரண்டு கிலோ ஈயம் போதுமாக இருந்தது. ஆறு மாதம் கழித்து நாலு. இன்று காலை தராசில் குண்டுகளைப் போட்டுக்கொண்டே இருந்தாள், போட்டுக்கொண்டே இருந்தாள், ஆறு கிலோ வந்து நின்றது. கிண்ணம் நிறைய ஈயம். பிள்ளை உடம்பிலிருந்து போனதெல்லாம் இங்கேதான் கிடக்கிறது.

"காலையில என்னடி சாப்பிட்டே?"

"சாப்பிட்டேன் சித்தி."

"என்னன்னு கேட்டேன்."

"அரை ஆப்பிள்."

"மாசாமாசம் ஒழுங்கா வருதா?"

பெண் சுவரைப் பார்த்தாள். "நாலு மாசமா இல்ல. நல்லதுதான் சித்தி, வேலைக்குத் தொந்தரவு இல்ல."

அக்காவுக்குக் காது மடல் சுட்டது. நேரே மேனேஜர் அறைக்குப் போனாள். "அவ போடற உடைக்கு மடிப்புல துணி விட்டிருக்கேன்மா. ரெண்டு அங்குலம் பிரிச்சு விட்டுடறேன். பிள்ளை நாலு வாய் சாப்பிடட்டும்."

"உடைய மாத்த முடியாது அக்கா. ஆளைத்தான் மாத்தணும்."

"அப்ப ஈயம் நான் தைக்கலை."

"நீங்க இல்லன்னா இன்னொருத்தி. ஊசிக்கா பஞ்சம்?"

சொன்னபடியே இன்னொருத்தி தைத்தாள். பதினோரு மணிக்கு டாக்டர் வந்து உட்கார்ந்தார். பெண்ணுக்குத் தராசுப் பலகையில் ஏறவே மேசையைப் பிடிக்க வேண்டியிருந்தது; ஆறு கிலோவைத் தூக்கிக்கொண்டு நிற்க அவள் காலில் தெம்பு இல்லை. முள் சட்டம் கேட்கிற ஐம்பத்தைந்தில் நின்றது. டாக்டர் பேனாவைத் திறந்தார்.

வாசலில் நின்றிருந்த அக்கா உள்ளே வந்தாள். கழுத்தில் தொங்கிய கத்தரிக்கோலால் இடுப்புப் பட்டியை ஒரே இழுப்பில் பிரித்தாள். ஈயக் குண்டுகள் சடசடவென்று கொட்டித் தரையெல்லாம் ஓடின.

டாக்டர் "இது என்ன?" என்று கேட்கவில்லை. குண்டுகள் உருண்டு போக வழிவிட்டுக் காலைத் தூக்கிக்கொண்டார், அவ்வளவுதான். அடப்பாவி, உனக்கும் தெரியுமா!

"இப்பப் பாருங்க டாக்டர். நாப்பத்தொம்பது. எழுதுங்க. அஞ்சு வருஷமா இந்தக் கையிதான் தைச்சதுன்னு அதையும் சேத்து எழுதுங்க. எழுதலைன்னா நானே போய்ச் சொல்லுவேன், காலைத் தூக்கினதையும் சேத்து."

"இன்னையோட உனக்கு இங்க வேலை இல்ல!" மேனேஜர் அம்மா கத்தினாள். மரியாதை அதற்குள் பறந்துவிட்டது.

"போனாப் போகுது போ! நான் செஞ்ச வேலைக்கு என்னை அன்னைக்கே துரத்தியிருக்கணும்."

டாக்டர் அக்காவை ஒருமுறை பார்த்தார், நாற்பத்தொன்பது என்று எழுதினார். அந்தச் சீட்டுக்கு மேடை கிடையாது.

பெண் ஓவென்று அழுதுகொண்டு இறங்கி வந்தாள். "என் வாழ்க்கையில மண்ணள்ளிப் போட்டுட்டீங்களே! நீங்க சித்தியா? நீங்கெல்லாம் ஒரு மனுஷியா?" இரண்டு கையாலும் அக்காவின் மார்பிலும் தோளிலும் அடித்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு, இருக்கிற ஆத்திரத்தையெல்லாம் சேர்த்து அடித்தாள்.

அக்காவுக்கு ஓர் அடிகூட உறைக்கவில்லை. சட்டைத் தூசி தட்டுகிற மாதிரி இருந்தது. அதுவரை கொதித்துக்கொண்டிருந்தவளுக்கு அப்போதுதான் கண் நிறைந்தது.

"அடிடி. நல்லா அடி. எனக்கு வேணும்." அந்த இரண்டு மணிக்கட்டையும் ஒரே கையில் பிடித்தாள், ஒரு கைக்குள் அடங்கிவிட்டன. "ஆனா இப்படி இல்ல. வா, வீட்டுக்குப் போய்ச் சோறு தின்னு. எனக்கு வலிக்கிற மாதிரி அடிக்கத் தெம்பு வரட்டும். வந்ததும் அடி, வாங்கிக்கறேன்."