எந்தக் கம்பெனி?

"என்னை ஒரு கம்பெனில போட்டிருக்காங்கம்மா" என்று லெப்டினன்ட் இன்பராஜ் முதல் போஸ்டிங்கிலிருந்து போன் செய்தபோது, அன்னம்மாள் ஓவென்று அழுதுவிட்டாள். ஆம்பூரில் கம்பெனி என்றால் தோல் கம்பெனிதான். "இதுக்காடா எஞ்சினியருக்குப் படிச்சு மிலிட்டரிக்குப் போன?" பட்டாளத்திலும் நூறு சொச்சம் பேர் கொண்ட பிரிவுக்குக் கம்பெனி என்றுதான் பெயர் என்று புரியவைப்பதற்குள் அவனுக்கு நாக்குத் தள்ளிவிட்டது.

பதினோரு மாதம் கழித்து முதல் லீவில் வந்தவன், அப்பா தேவசகாயம் மறந்துவிட்டுப்போன சாப்பாட்டுத் தூக்கோடு அவர் வேலை செய்யும் கம்பெனிக்குப் போனான். பின்பக்கம் கழிவுத்தொட்டியின் மூடி திறந்திருந்தது. விளிம்பில் அப்பா, இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு. ஆளை இறக்கவே கூடாதென்று சட்டம் இருக்கிற நாட்டில்!

"யாருப்பா உன்ன இறங்கச் சொன்னது?" என்று கத்தினான்.

"நான்தான்" என்றார் மேனேஜர் ராமமூர்த்தி, பத்தடி தள்ளி நிழலில் நின்றபடி. "மெழுகுவத்தி உட்டுப் பாத்தாச்சு, அணையல. காலைல இருந்த நாத்தம்கூட இப்ப இல்ல. இன்னா பயம்?"

இன்பராஜுக்கு உடம்பு பற்றி எரிந்தது. பட்டாளத்து எஞ்சினியர் பயிற்சியில் முதல் வாரமே சொல்லிக்கொடுத்த பாடம் அது: அழுகின முட்டை நாற்றம் அடிக்கிறவரை ஓடிப் பிழைக்கலாம். நாற்றம் நின்றுபோனால் விஷவாயு போய்விட்டது என்று அர்த்தமில்லை, மூக்கு செத்துவிட்டது என்று அர்த்தம். அடுத்தது ஆள். போன வருடம் இதே தொட்டியில் செத்த செந்தில்குமாருக்கும் மெழுகுவத்தி அணையவில்லை.

"கழிவு உறிஞ்சுற மிஷின் வரட்டும் சார்."

"அது வர ரெண்டு நாளாவும். மிலிட்டரி ரூலெல்லாம் இங்க வேணாம் தம்பி. இது கம்பெனி."

அந்தச் சொல்தான் அவனைக் கிளப்பிவிட்டது.

"நானும் கம்பெனிலதான் சார் இருக்கேன். எங்க கம்பெனில கண்ணிவெடி எடுக்கப் போனா ஆபீசர்தான் முன்னால போவான். அப்புறம்தான் ஜவான். இங்க ஆபீசர் நீங்க. இறங்குங்க."

ராமமூர்த்தி சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை. கால் தானாக ஓர் எட்டுப் பின்னால் போயிற்று.

தேவசகாயம் அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். இருபத்திரண்டு வருடமாக "ஒண்ணும் ஆவாது, இறங்கு" என்று சொல்லிவந்த மனிதரின் கால். இடுப்புக் கயிற்றை அவிழ்த்துச் சுருட்டினார். நடந்துபோய் மேனேஜரிடம் நீட்டினார்.

"ஒண்ணும் ஆவாது சார். இறங்குங்க."